ஒரு மில்லிமீட்டர் தண்ணீர்

சிலி நாட்டின் வடக்கே, அட்டகாமா பாலைவனத்தை ஒட்டி எழும் ஆண்டஸ் மலைத்தொடரில், 5,000 மீட்டர் உயரத்தில் சஹ்னந்தோர் என்றொரு சமவெளி இருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் கல்லும் செம்மண்ணும்தான். அங்கே வேலைக்கு ஏறிப் போகிறவர்கள் மூக்கில் ஆக்சிஜன் குழாயை மாட்டிக்கொள்கிறார்கள். அந்தச் சமவெளியில் ஆல்மா என்ற தொலைநோக்கியின் 66 ஆண்டெனாக்கள் நிற்கின்றன. அவற்றில் 54 பெரியவை. ஒவ்வொன்றும் 12 மீட்டர் குறுக்களவு கொண்டது. அந்த 54-இலும், தட்டுக்குப் பின்னாலுள்ள சிறு அறையில், ஒரு தனிக் கருவி பொருத்தப்பட்டிருக்கிறது. விண்மீன்களைப் பற்றி அதற்குக் கவலை கிடையாது. தன் ஆண்டெனா பார்க்கும் திசையில் காற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கிட்டத்தட்ட நொடிக்கு ஒரு முறை பார்த்துச் சொல்வது மட்டுமே அதன் வேலை.

பூமியின் மிக வறண்ட இடங்களில் ஒன்றைத் தேடிப் போய், அங்கே 54 தண்ணீர்மானிகளை ஏன் வைத்தார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால் இரண்டாம் உலகப் போரின் ராடார் கூடங்கள்வரை போக வேண்டியிருக்கிறது.

முதலில் நீராவியைப் பற்றி ஒரு வார்த்தை. இட்லிப் பானையின் மூடியைத் திறந்ததும் வெள்ளையாக எழும் புகையைத்தான் நாம் ஆவி என்கிறோம். உண்மையில் அது குளிர்ந்து மீண்டும் திரவமாகிவிட்ட நுண்துளிகளின் கூட்டம். மேகமும் அப்படித்தான். வாயு வடிவில் இருக்கும் நீர் கண்ணுக்குத் தெரியாது. மேகமே இல்லாத நீல வானத்திலும் அது நிறைந்திருக்கலாம். அதை அளப்பதற்கு வானியலாளர்கள் ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள்: தரையிலிருந்து வானத்தின் உச்சிவரை ஒரு காற்றுத் தூணை எடுத்து, அதிலுள்ள நீராவி முழுவதையும் பிழிந்து கீழே ஊற்றினால் எத்தனை மில்லிமீட்டர் உயரம் நிற்கும்? நம் கடற்கரை ஊர்களில் மழைக்காலத்தில் 50 மில்லிமீட்டர் சாதாரணம். சஹ்னந்தோரில் சுமார் 1 மில்லிமீட்டர். குளிர்கால இரவுகளில் அதற்கும் கீழே போகும்.

அந்த 1 மில்லிமீட்டர்தான் பிரச்சினை.

1940-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கதிர்வீச்சு ஆய்வுக்கூடத்தில் ராடார்களின் அலைநீளத்தைக் குறைத்துக்கொண்டே போனார்கள். அலை சிறிதானால் ஆண்டெனா சிறிதாகும், விமானத்தில் ஏற்றலாம், படமும் கூர்மையாக விழும். 10 சென்டிமீட்டர், பிறகு 3 சென்டிமீட்டர், அடுத்து 1.25 சென்டிமீட்டர். இந்தக் கடைசி அலைவரிசைக்குக் கே-பேண்ட் என்று பெயர். ஹார்வர்டின் கோட்பாட்டு இயற்பியலாளர் ஜான் வான் வ்லெக் 1942-இல் கணக்குப் போட்டு எச்சரித்தார்: நீர் மூலக்கூறு அந்த அலைநீளத்துக்கு அருகிலேயே அலைகளை உறிஞ்சும். பெல் ஆய்வுக்கூடத்தில் இதே ராடாரில் வேலை செய்துகொண்டிருந்த சார்லஸ் டௌன்ஸ் அந்தக் கணக்கைப் படித்துவிட்டுத் தானும் மேலிடத்தில் சொல்லிப் பார்த்தார். முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. ராடார் செய்யப்பட்டது. ஈரம் மிகுந்த காற்றில் அதன் அலை சில மைல்களுக்கு மேல் உருப்படியாகப் போகவில்லை.

நீரின் அந்தக் கோடு சரியாக எங்கே இருக்கிறது என்பதை 1946-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஓர் அறை அளவு செப்புப் பெட்டிக்குள் ஈரக்காற்றை அடைத்து அளந்தார்கள். சுமார் 22 கிகாஹெர்ட்ஸ், அதாவது 1.35 சென்டிமீட்டர் அலைநீளம். ராடாருக்குத் தேர்ந்தெடுத்த இடத்துக்குப் பக்கத்து வீடு. பிற்காலத்தில் பொறியாளர்கள் கே-பேண்டின் நடுப்பகுதியை ஒதுக்கிவிட்டு, அதற்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று பிரித்துக்கொண்டார்கள். கீழே இருப்பது கே-யு பேண்ட். நம் வீட்டு மொட்டை மாடிகளில் நிற்கும் டி.டி.எச். தட்டுகள் வாங்குவது அந்த அலைவரிசையைத்தான். போர்க்காலத்து நீராவிச் சண்டையின் தழும்பு இப்படி நம் கைப்பிடிச் சுவர்வரை வந்திருக்கிறது.

எம்.ஐ.டி.யில் இருந்த ராபர்ட் டிக்கி இந்தத் தோல்வியை வேறு கோணத்தில் பார்த்தார். ஒரு பொருள் ஓர் அலைநீளத்தை உறிஞ்சுகிறது என்றால், அதே அலைநீளத்தில் அது ஒளிரவும் வேண்டும். இது பழைய இயற்பியல் விதி. எனவே வானத்தை நோக்கி ஒரு நுட்பமான வாங்கியைத் திருப்பினால், காற்றிலுள்ள நீராவி தானே வெளியிடும் மெல்லிய ரேடியோ ஒளியை நேரடியாக அளக்கலாம். ஆனால் அந்தச் சைகை மிகச் சிறியது. வாங்கியின் மின்னணுச் சுற்றுகள் எழுப்பும் இரைச்சல் அதைவிடப் பல மடங்கு பெரியது, போதாததற்கு ஏறியும் இறங்கியும் ஆடுவது. டிக்கி ஒரு தந்திரம் செய்தார். வாங்கியை ஒரு கணம் வானத்தைப் பார்க்கவிட்டு, மறுகணம் வெப்பநிலை தெரிந்த ஒரு பொருளைப் பார்க்கவிட்டார். நொடிக்கு 30 முறை இந்த மாற்றம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், வாங்கியின் சொந்த ஆட்டம் இரண்டு பக்கமும் சமமாக இருப்பதால் கழிந்துவிடும்.

இந்தக் கருவியைப் புளோரிடாவின் புழுக்கத்துக்குக் கொண்டுபோய் 1.00, 1.25, 1.50 சென்டிமீட்டர் அலைநீளங்களில் அளந்து, டிக்கியும் அவருடைய கூட்டாளிகளும் 1946-இல் கட்டுரை வெளியிட்டார்கள். வான் வ்லெக்கின் கணக்கு நியாயமானது என்று தெரிந்தது. அந்தக் கட்டுரைக்குள் கிட்டத்தட்ட அடிக்குறிப்புபோல இன்னொரு செய்தியும் இருக்கிறது. காற்றின் பங்கைக் கழித்த பிறகு, அண்டத்திலிருந்து வரும் பின்னணிக் கதிர்வீச்சு இருந்தால் அது 20 கெல்வினுக்கும் குறைவு என்றார்கள். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1965-இல், பென்சியாஸ், வில்சன் என்ற இரு ரேடியோ வானியலாளர்கள் அந்தப் பின்னணியைக் கண்டுபிடித்தார்கள். அளவு சுமார் 3 கெல்வின். பெருவெடிப்பின் எஞ்சிய வெப்பம். அவர்கள் கையாண்ட நுட்பத்திலும் டிக்கியின் வழி இருந்தது. நீராவியை அளக்கப் போனவர் அண்டத்தின் தொடக்கத்தின் வாசல்படியில் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார் என்பதை நினைக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது.

டௌன்சின் கதை வேறு விதமாகத் திரும்பியது. போருக்குப் பின் மிஞ்சிய கே-பேண்ட் கருவிகள் அம்மோனியா மூலக்கூறை ஆராய அவருக்குக் கைகொடுத்தன. அந்த வழியில் நுண்ணலைகளைப் பெருக்கும் மேசர் பிறந்தது, பிறகு லேசர். 1968 டிசம்பரில் அவரும் பெர்க்லியின் ஜாக் வெல்ச்சும் மற்றவர்களும் கலிபோர்னியாவின் ஹாட் கிரீக்கில் ஒரு சிறிய தட்டை விண்வெளிக்குத் திருப்பி, முன்பு ராடாரைக் கெடுத்த அதே 22 கிகாஹெர்ட்ஸ் கோட்டில் விண்வெளி நீர் மூலக்கூறுகள் பளீரென்று ஒளிர்வதைக் கண்டார்கள்.

இதுவரை நீராவி செய்த குற்றம் உறிஞ்சுவது. அதற்கு இன்னொரு குற்றம் உண்டு. வானியலாளர்களுக்கு அதுதான் பெரிய தலைவலி.

ஒரே தட்டைப் பெரிதாக்கிக்கொண்டே போக முடியாது. ஆகவே பல தட்டுகளைத் தொலைவில் நிறுத்தி, அவை வாங்கும் அலைகளைச் சேர்த்து, அவற்றுக்கிடையிலான தொலைவே குறுக்களவாக உள்ள ஒரு பெரிய தட்டைப்போல நடிக்க வைக்கும் முறையைக் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரைல் வளர்த்தெடுத்தார். அதற்காக 1974-இல் நோபல் பரிசும் பெற்றார். இந்த முறையின் உயிர்நாடி நேரம். ஒரே அலைமுகடு ஒவ்வொரு தட்டையும் எப்போது தொட்டது என்பது ஓர் அலைநீளத்தின் சிறு பின்னம்வரை சரியாகத் தெரிய வேண்டும். இங்கேதான் நீராவி குறுக்கிடுகிறது. ஈரக்காற்றுக்குள் ரேடியோ அலை சற்றே மெதுவாகப் போகும். 1 மில்லிமீட்டர் நீர் கூடினால், அலை சுமார் 6.5 மில்லிமீட்டர் கூடுதல் தூரம் நடந்து வந்ததுபோலத் தாமதமாகும்.

எல்லாத் தட்டுக்கு மேலும் ஒரே அளவு நீராவி இருந்தால் தொல்லை இல்லை. எல்லாம் சேர்ந்தே தாமதமாகும். ஆனால் நீராவி காற்றோடு நன்றாகக் கலப்பதில்லை. சாம்பாரில் கரையாத பருப்புபோலத் திட்டுத் திட்டாக மிதக்கும். காற்றடிக்கும்போது அந்தத் திட்டுகள் ஒரு தட்டின் தலைக்கு மேல் வந்து, பிறகு அடுத்ததன் மேல் போகும். 1970, 71-இல் ஹிண்டர் என்பவரும் ரைலும் கேம்பிரிட்ஜ் ஆண்டெனாக்களின் பதிவுகளில் இந்த ஆட்டத்தைத் தேடி எடுத்து, இந்த முறையில் எட்டக்கூடிய கூர்மைக்குக் காற்றே ஓர் எல்லை போடுகிறது என்று எழுதினார்கள். விண்மீன்கள் மினுமினுப்பதற்கு இணையான ரேடியோ மினுமினுப்பு இது.

அலைநீளம் பெரிதாக இருந்தால் இந்த ஆட்டம் உறைக்காது. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் 1970-இல் கோவிந்த் ஸ்வரூப் குழு எழுப்பிய 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி கேட்பது 92 சென்டிமீட்டர் அலை. நீலகிரியின் மூடுபனியும் மழையும் அதன் மேல் எத்தனை கவிந்தாலும், சில மில்லிமீட்டர் தாமதம் 92 சென்டிமீட்டரில் ஒரு பொருட்டே கிடையாது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே வேறு: மலைச்சரிவின் கோணம் அந்த ஊரின் அட்சரேகைக்குச் சமமாக இருந்தது. ஆனால் விண்மீன்கள் பிறக்கும் குளிர்ந்த தூசியையும் மூலக்கூறுகளையும் பார்க்க வேண்டுமென்றால் மில்லிமீட்டர் அலைகளுக்கு வந்தாக வேண்டும். 1 மில்லிமீட்டர் அலையில் வேலை செய்யும்போது, இரண்டு தட்டுகளுக்கு மேலுள்ள நீராவியில் வெறும் 0.1 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே 0.65 மில்லிமீட்டர் தாமதம். பாதி அலைக்கும் மேல். முகடு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் வந்து நிற்கும். படம் கலைந்துவிடும்.

இதற்கு வானியலாளர்களிடம் பழைய வைத்தியம் ஒன்று இருந்தது. வெகுதொலைவில் புள்ளிபோல ஒளிரும் குவேசார்களில், இருப்பிடம் துல்லியமாகத் தெரிந்த ஒன்றை அவ்வப்போது திரும்பிப் பார்த்து, அது எவ்வளவு விலகித் தெரிகிறது என்று கணக்கிட்டு, அந்த அளவைக் கழிப்பது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை இப்படிச் செய்தால் நிதானமான மாற்றங்கள் பிடிபடும். நொடிக் கணக்கில் வந்து போகும் திட்டுகள் நழுவிவிடும்.

டிக்கியின் வழி இங்கேதான் மீண்டும் கதைக்குள் வருகிறது. அலையைத் தாமதப்படுத்தும் நீராவியே ஒளிரவும் செய்கிறதே! ஒளிர்வை அளந்தால் நீராவியின் அளவு தெரியும். அளவு தெரிந்தால் தாமதம் தெரியும். தாமதம் தெரிந்தால் கழித்துவிடலாம். குற்றம் செய்தவனே வாக்குமூலமும் கொடுக்கிறான். 1960-களில் எம்.ஐ.டி.யில் ஆலன் பாரெட், டேவிட் ஸ்டேலின் போன்றோர் 22 கிகாஹெர்ட்ஸ் கோட்டைக் கொண்டு காற்றின் ஈரத்தை அளக்கும் வழிகளை வகுத்தார்கள். கலிபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலும், பிரெஞ்சு ஆல்ப்சில் 2,550 மீட்டர் உயரத்திலுள்ள பூர் பீடபூமியிலும் ஆண்டெனாக்களில் 22 கிகாஹெர்ட்ஸ் கருவிகளைப் பொருத்திப் பார்த்தார்கள். பலன் இருந்தது. ஆனால் 22 கிகாஹெர்ட்ஸ் கோடு பலவீனமானது. ஈரமான இடத்துக்கு அது போதும். மிக வறண்ட இடத்தில் அதன் ஒளிர்வு கருவியின் இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிடும்.

நீருக்கு இன்னொரு கோடு உண்டு, 183 கிகாஹெர்ட்சில். அது மிக வலுவானது. ஈரமான ஊரில் அது வானத்தையே சுவர்போல மறைத்துவிடும் என்பதால் அங்கே பயன்படாது. வறண்ட மலையுச்சிக்கு அதுதான் பொருத்தம். இந்த முயற்சியை முன்னெடுத்தவர்கள் ரைலின் கேம்பிரிட்ஜ் கூடத்திலிருந்தே வந்தார்கள் என்பது ஓர் அழகான தொடர்ச்சி. ரிச்சர்ட் ஹில்சும் அவரிடம் முனைவர் பட்டத்துக்கு உழைத்த மார்ட்டினா வீட்னரும் ஹவாயின் மௌனா கியா மலையில் அடுத்தடுத்து நின்ற இரண்டு தொலைநோக்கிகளில் ஆளுக்கொரு 183 கிகாஹெர்ட்ஸ் கருவியைப் பொருத்தினார்கள். இரண்டுக்கும் இடையே 164 மீட்டர். விண்ணிலிருந்து வந்த சைகையின் ஆட்டமும் நீராவிக் கருவிகள் முன்சொன்ன ஆட்டமும் வரைபடத்தில் ஒன்றையொன்று ஒட்டி ஓடின. 2001-இல் அந்த முடிவு அச்சில் வந்தது.

இதற்குள் சஹ்னந்தோரும் கதைக்குள் வந்துவிட்டது. அமெரிக்கர்கள், ஐரோப்பியர்கள், ஜப்பானியர்கள் என மூன்று தரப்பும் தனித்தனியாக மில்லிமீட்டர் தொலைநோக்கித் திட்டம் வைத்திருந்தார்கள். அமெரிக்கர்கள் நியூ மெக்சிகோ, அரிசோனா, மௌனா கியா என்று பார்த்துவிட்டு, 1994-இல் இந்தச் சமவெளிக்கு வந்தார்கள். வறட்சிக்குக் காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன: பசிபிக்கில் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம், கடற்காற்றை மேலெழவிடாத வெப்ப அடுக்கு, அமேசான் பக்கத்து ஈரத்தைத் தடுக்கும் ஆண்டஸ். இத்தனைக்கும் மேல் 5,000 மீட்டர் உயரம். ஆனால் வறண்ட இடம் என்று தெரிந்தால் மட்டும் போதாது, மிச்சமிருக்கும் ஈரம் எப்படி ஆடுகிறது என்று தெரிய வேண்டும். 1995 முதல் அங்கே 300 மீட்டர் இடைவெளியில் இரண்டு சிறு தட்டுகளை நிறுத்தி, ஒரு தகவல்தொடர்புச் செயற்கைக்கோளின் 11.2 கிகாஹெர்ட்ஸ் சைகையை இரவும் பகலும் கேட்க வைத்தார்கள். தரையிலிருந்து பார்த்தால் செயற்கைக்கோள் அசையாமல் நிற்கிறது. சைகை ஆடினால் ஆடுவது காற்றுதான். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த அந்தப் பதிவுகள் தெளிவாகப் பேசின. இரவும் அதிகாலையும் அமைதி. வெயிலேறிய பிற்பகலில் கொந்தளிப்பு. நல்ல இடம்தான், ஆனால் திருத்தம் இல்லாமல் முடியாது.

மூன்று திட்டங்களும் ஒன்றாகி ஆல்மாவானபோது, நீராவி அளக்கும் கருவி தொடக்கத்திலிருந்தே வடிவமைப்பின் பகுதியாக இருந்தது. ஸ்வீடனின் ஆன்சாலா வானாய்வகமும் கேம்பிரிட்ஜும் சேர்ந்து இரண்டு வகை மாதிரிகளைச் செய்து ஒப்பிட்டன. தேர்வானது டிக்கி முறை. ஸ்வீடனின் ஓம்னிசிஸ் நிறுவனம் அவற்றைத் தயாரித்துக் கொடுத்தது. உள்ளே ஒரு வெட்டுத் தகடு சுழலும். வாங்கி வானத்தையும், வெப்பநிலை தெரிந்த இரண்டு பொருள்களையும் மாறி மாறிப் பார்க்கும். அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன் புளோரிடாவில் செய்ததும் இதைத்தான்.

விதித்திருந்த துல்லியம் மலைக்க வைப்பது. நீராவி 1 மில்லிமீட்டராக இருக்கும்போது, கருவி சொல்லும் தாமதத்தில் பிழை 20 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். மனிதத் தலைமுடியின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு.

கருவி தருவது வெறும் ஒளிர்வு எண்கள். கோட்டின் நடுவிலிருந்து விளிம்புவரை நான்கு இடங்களில் எடுத்தவை. அவற்றிலிருந்து தாமதத்துக்குப் போக, நீராவி எந்த உயரத்தில், எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில் இருக்கிறது என்று ஊகிக்கும் ஒரு மாதிரி வேண்டும். போயன் நிக்கோலிச்சும் கேம்பிரிட்ஜ் குழுவும் அந்த மென்பொருளை எழுதினார்கள். 2013-இல் அதன் விவரம் வெளிவந்தது. குவேசாரைத் திரும்பிப் பார்க்கும் பழைய வைத்தியத்தையும் அவர்கள் கைவிடவில்லை. ஆல்மாவின் நூறு டன் ஆண்டெனாக்கள் வானத்தில் ஒன்றரை டிகிரி தூரத்தை ஒன்றரை நொடியில் தாண்டும்படி கட்டப்பட்டிருப்பது அதற்காகத்தான். மெதுவான மாற்றத்தைக் குவேசார் பிடிக்கும். வேகமானதை நீராவிக் கருவி பிடிக்கும்.

2014 செப்டம்பரில் ஆண்டெனாக்களை 15 கிலோமீட்டர்வரை பரப்பி ஒரு சோதனை தொடங்கியது. அத்தனை தூரத்தில் ஒவ்வொரு ஆண்டெனாவும் வேறு வேறு வானத்தின் கீழ் நிற்கிறது என்றே சொல்லலாம். சோதனைக்கு எடுத்துக்கொண்ட பொருள்களில் ஒன்று ரிஷப மண்டலத்தில் 450 ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள எச்.எல். டாரி என்ற இளம் விண்மீன். வயது சுமார் பத்து லட்சம் ஆண்டுகள். விண்மீன்களுக்கு அது பால்குடிப் பருவம். நவம்பரில் வெளியான படத்தில் அந்த விண்மீனைச் சுற்றி வட்டம் வட்டமாக ஒளிரும் தூசி வளையங்களும், அவற்றுக்கிடையே கறுத்த இடைவெளிகளும் துலக்கமாகத் தெரிந்தன. இவ்வளவு இளம் வயதிலேயே கோள்கள் உருவாகத் தொடங்குவதன் அடையாளம் என்று பலரும் அதைப் படித்தார்கள். கணினியில் வரைந்த ஓவியம் என்று நினைத்தவர்களும் உண்டு. அந்த வளையங்கள் எல்லாம் நீராவியின் ஆட்டத்தில் ஒரே மங்கலாகக் கரைந்து போயிருக்க வேண்டியவை.

ஆல்மாவின் முதல் கட்டங்களில், 2007 முதல் 2012 வரை, திட்ட விஞ்ஞானியாக இருந்தவர் ஹில்ஸ்தான். 2022-இல் அவர் காலமானார்.

இன்னும் தீராத தொல்லைகள் இருக்கின்றன. மேகத்திலுள்ள நீர்த்துளிகளும் பனித்துகள்களும் ஒளிரும். ஆனால் அந்த அளவுக்கு அலையைத் தாமதப்படுத்துவதில்லை. மெல்லிய மேகம் கடந்தால் கருவி அதை நீராவி என்று எண்ணி, இல்லாத தாமதத்தைக் கழித்துவிடும். நான்கு எண்களுக்கிடையிலுள்ள உறவைக் கொண்டு மேகத்தின் பங்கைப் பிரித்தெடுக்கும் முறைகளைப் பின்னால் சேர்த்தார்கள். சிலியின் கோடைகாலத்தில் அமேசான் பக்கத்திலிருந்து ஈரம் மலையைத் தாண்டி வந்துவிடும். உள்ளூரில் அதற்கு ஆல்டிப்ளானோ குளிர்காலம் என்று பெயர், பனியும் பெய்யும். அந்தக் கோடையின் பிப்ரவரி மாதத்தில் ஆல்மா நோக்குவதை நிறுத்திவிட்டுப் பராமரிப்பு வேலைகளைப் பார்க்கிறது.

மறுகோடியில் மிக வறண்ட இரவுகள். நீராவி அரை மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கும்போது, ஆட்டத்தில் எஞ்சியிருப்பதில் பெரும்பங்கு உலர்ந்த காற்றினுடையது: வெப்பமும் அடர்த்தியும் இடத்துக்கு இடம் சற்றே மாறுவதால் வருவது. நைட்ரஜனும் ஆக்சிஜனும் 183 கிகாஹெர்ட்சில் நீர்போல ஒளிர்வதில்லை. அதனால் 54 கருவிகளுக்கும் அது தெரியாது. அந்த இரவுகளில் ஆண்டெனாக்கள் முன்னைவிட அடிக்கடி, ஒரு நிமிடத்துக்குள்ளாகவே, குவேசாரின் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்கின்றன.